ஆறுக்கு ஆறு

"ஒரு தீக்குச்சிகூட ஒடியலையே அண்ணே!" என்றாள் பரீதா.

செத்துப்போனவனின் மேசையைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தார்கள். துப்பறிய வந்த மருதப்பன், அவனிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு அவனையே கிண்டல் செய்யும் பரீதா, இருவரையும் இந்தக் கிராஞ்சிக் காட்டுக்குள் அழைத்து வந்த குணவதி. மூவரில் பரீதாவைத் தவிர மற்ற இருவரின் உடம்பு மட்டும்தான் வந்திருந்தது.

குணவதி பத்து நாளைக்கு மேலாக அப்படித்தான் இருக்கிறாள். யாராவது உட்கார் என்றால் உட்காருவாள், எழுந்திரு என்றால் எழுந்திருப்பாள். தை மாதம் அவளைக் கட்டிக்கொள்ள இருந்த தியாகராசாவைப் புதைத்துவிட்டு வந்த அன்றுகூட அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அவன் தாயார் பூரணம் அதைப் பார்த்துவிட்டு, "கல்லடி நீ" என்று சொன்னாராம். அதற்கும் இவள் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

மருதப்பன் கதை வேறு. போன வருஷம் சிங்கப்பூரில் நடந்த இனக் கலவரத்தின்போது கேலாங் பக்கம் டியூட்டி பார்த்தவன். அங்கே கண்டதையெல்லாம் கண்டபிறகு இன்ஸ்பெக்டர் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுத் தேக்காவுக்கு வந்தான். டன்லப் ஸ்ட்ரீட்டில் மசாலைக் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினான். போர்டு என்னவோ ஜோராகத்தான் இருந்தது. மாட்டியவனுக்குத்தான் எதிலும் பிடிப்பில்லை. அழுகை வருவதில்லை, கோபம் வருவதில்லை. முன்னால் சோற்றை வைத்தால் சாப்பிடுவான், கேஸை வைத்தால் விசாரிப்பான். "உங்களுக்கு ஊசி குத்தினாக்கூடத் தெரியாதுலா," என்று பரீதா அடிக்கடி சொல்லுவாள். உண்மைதான் என்று அவனும் ஒப்புக்கொண்டிருந்தான்.

இவர்கள் நின்ற இடம் ஒரு பழைய தோட்டத்துரை பங்களா. சுற்றிலும் ரப்பர் மரம், தாண்டினால் ஜோகூர்க் கடல். டாக்டர் இராஜரத்தினம் அதை வாடகைக்கு எடுத்து, காந்தப் படிகங்களை ஆராயும் கூடம் ஒன்றை நடத்தி வந்தார். கீழே உலைகள், மேலே எழுதுகிற வேலை. தியாகராசா மேல்மாடி முன் வராந்தாவிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்து செத்தான். டாக்டர் போலீசில் வாக்குமூலம் கொடுத்திருந்தார்: "இங்கிலாந்திலிருந்து வந்த முடிவு தன் கணக்குக்கு நேர் எதிர், இரண்டு வருஷ உழைப்பு வீண் என்று என்னிடம் சொல்லி அழுதான். பிறகு குதித்துவிட்டான்." போலீசும் அதோடு விட்டுவிட்டது. நாளைக் காலையில் மரண விசாரணைக் கோர்ட். குணவதிதான் முக்கிய சாட்சி.

அன்று காலையில் மசாலைக் கடை மாடியில் அவள் சொன்னது இது:

"நான் அங்க உலையில படிகம் வளக்கிறனான். அதுக்குள்ள என்ன இருக்கு எண்டு கணக்குப் போடுறது அவர். வளத்த படிகத்தை இங்கிலாந்துக்கு அனுப்பி இருந்தோம். அங்க நியூட்ரான் பாய்ச்சிப் பாத்து, எந்த அணு எந்தப் பக்கம் பாக்குது எண்டு சொல்லுவினம். தந்தி வந்தது. நான்தான் தந்தி ஆபீசில வாங்கி, அங்க இருந்த காசு போடுற ஃபோனில அவருக்கு வாசிச்சனான். அவர் மேல எண்டு போட்ட இடமெல்லாம் அவை கீழ எண்டு போட்டிருந்தவை. 'ஒண்டுகூடப் பொருந்தேல்ல. எல்லாம் தலைகீழ். உங்கட கணக்குப் பிழை' எண்டு சொன்னன். அவர் ஒரு கதையும் இல்லாமல் ஃபோனை வச்சிட்டார். பிறகு அவர் இல்லை."

"நாளைக்கு கோர்ட்ல இதைத்தான் சொல்லப் போறீங்களா?" என்று மருதப்பன் கேட்டான்.

"ஓம். என்ர வாயாலதான் செத்தவர். அதைச் சொல்லத்தானே வேணும். ஆனா அதுக்கு முதல், அது உண்மைதானா எண்டு யாராவது பாத்துச் சொல்லுங்கோ. உண்மை எண்டாலும் பரவாயில்லை."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொன்ன விதம், கடைக்காரனிடம் மிச்சக் காசு வேண்டாம் என்பதுபோல இருந்தது. அதற்குப் பிறகுதான் மூவரும் மருதப்பனின் பழைய மோரிஸ் மைனர் காரில் ஏறிக் கிராஞ்சிக்கு வந்தார்கள். டாக்டர் வெளியே போயிருந்தார், மதியத்துக்குள் வந்துவிடுவார் என்று கீழே உலையடியில் இருந்தவர் சொன்னார்.

இப்போது மேசைமேல் இருந்த பொருளைத்தான் பரீதா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சீனர்களின் கணக்குச் சட்டத்திலிருந்து கழற்றிய மரமணிகள். அடுக்குக்கு ஒன்பது வீதம் மூன்று அடுக்காகக் கம்பியில் கோத்து, பெட்டி வடிவத்தில் நிறுத்தியிருந்தது. ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு தீக்குச்சி செருகியிருந்தது. ஒரு குச்சியின் சிவப்புத் தலை மேலே பார்த்தால் பக்கத்துக் குச்சியின் தலை கீழே பார்த்தது. பெட்டிக்கு மேலே ஒரு பலகை. அதன் நான்கு மூலையிலும் ரப்பர் கால்கள் கூரையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன.

"கால் மேலே இருக்கு. அப்போ இது தலைகீழா நிக்குது," என்றான் மருதப்பன்.

"போலீஸ்காரர் சொன்னார், அவர் கோவத்தில தூக்கி எறிஞ்சிருப்பார் எண்டு," என்றாள் குணவதி. "அவர் செய்த மாடல். பிறகு ஒருத்தரும் தொடேல்ல. டாக்டர் இந்த அறைக்குள்ள வாறதே இல்லை."

"எறிஞ்சதா? இத்தனை தீக்குச்சியில ஒண்ணு ஒடியலை, ஒரு கம்பி கோணலை. மேசை ஓரத்துக்கு நேரா, அளவு வச்ச மாதிரி நிக்குது. எங்க வீட்டுக்காரர் கோவத்துல எறிஞ்ச கோப்பையை நீங்க பாத்திருக்கணும். அதை ஒட்ட வைக்கத் தேக்கா பசார்ல இருக்கற பசை பத்தாது."

மருதப்பன் மேசையைச் சுற்றி ஒருமுறை வந்தான். "குணவதி, இந்தக் குச்சிகளோட கதையை எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு வெளியே நின்னவன்."

"ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். இந்தப் படிகத்தில ஒண்டு மேல பாக்கும், இல்லாட்டி கீழ பாக்கும். மேல பாத்தா கூட்டல் ஒண்டு எண்டு எழுதுவினம், கீழ பாத்தா கழித்தல் ஒண்டு. மொத்தத்தையும் கூட்டினாப் பூச்சியம். அதால வெளியில ஒரு ஆணியைக்கூட இழுக்காது."

"உள்ளுக்குள்ள அடிதடி, வெளியே பாத்தா ஒண்ணுமே நடக்காத குடும்பம்," என்றாள் பரீதா. "எங்க மாமியா வீடு."

"அப்படின்னா கூட்டுத்தொகையை வச்சு எந்தப் படிகம் எதுன்னு பிரிக்க முடியாதே?" என்றான் மருதப்பன்.

"ஏலாது. எல்லாத்துக்கும் பூச்சியந்தான் வரும். அதுக்கு அவர் வேற ஒரு கணக்கு வச்சிருந்தவர். அக்கம்பக்கத்தை எண்ணுறது எண்டு சொல்லுவார். ஒரு அணுவுக்கு முன்னுக்குப் பின்னுக்கு, இடம் வலம், மேல கீழ எண்டு ஆறு அயல் இருக்கு. அந்த ஆறில எத்தனை எதிர்ப்பக்கம் பாக்குது எண்டு எண்ண வேணும். சில படிகத்தில ரெண்டு வரும், சிலதில நாலு, சிலதில ஆறும் வரும். இது ஆறுக்கு ஆறு எண்டு அவர் சொன்னவர்."

"சரி. அவர் கணக்குல இந்த முன் மூலை மணி எந்தப் பக்கம் பாத்தது?"

"மேல. பிறகு கீழ, பிறகு மேல."

"தந்தியில?"

"கீழ, மேல, கீழ."

மருதப்பன் முன் மூலையைத் தொட்டுக் காட்டினான். பலகை தலையில் ஏறியிருந்த அந்தப் பெட்டியில், மூலை மணியின் சிவப்புத் தலை கீழே பார்த்தது. அடுத்தது மேலே. அதற்கடுத்தது மறுபடியும் கீழே.

"தந்தியில இருக்கறது இது," என்றான்.

குணவதி பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீங்க ஃபோன்ல வாசிச்சிருக்கீங்க. அவர் ஃபோனை வச்சுட்டு நேரா இங்க வந்து, தன் மாடலைத் தூக்கித் தலைகீழா வச்சுப் பாத்திருக்கார். இங்கிலாந்துக்காரன் சொன்னது அப்படியே வந்துடுச்சு."

"அண்ணே, இது நம்ம மார்க்கெட் ஸ்ட்ரீட் செட்டியார் கிட்டங்கி மாதிரிலா!" பரீதா கையைத் தட்டினாள். "இடம் பத்தாம அங்க தங்கறவங்க ஒருத்தர் தலைக்குப் பக்கத்துல இன்னொருத்தர் காலை வச்சு வரிசையாப் படுத்திருப்பாங்களே? முதல் ஆளு தலையை வாசப்பக்கம் வச்சா என்ன, சுவத்துப்பக்கம் வச்சா என்ன? யாரைக் கேட்டாலும் என் மூக்குக்கு நேரா ரெண்டு பக்கமும் காலுதான்னு சொல்லுவான்."

"அப்ப ரெண்டும் ஒண்டா?" என்று குணவதி மெல்லக் கேட்டாள். பிறகு தானே தலையை ஆட்டிக்கொண்டாள். "இல்லை, எனக்குத் தெரியாது. தலைகீழாக் கிடந்ததைப் பாத்து, இவ்வளவு பெரிய பிழையா விட்டிட்டன் எண்டு அவர் நினைச்சிருக்கலாம்தானே? நான் உலைக்காரி. பத்து நாளா யோசிக்கப் போனா மூளை நிண்டிடுது."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பரீதாவின் கிட்டங்கியைக் கொண்டுபோய்க் கோர்ட்டில் வைத்தால் மாஜிஸ்திரேட் சிரித்துவிட்டு அடுத்த கேஸைக் கூப்பிடுவார். இந்த இரண்டும் ஒன்றுதான், இதைப் பார்த்துத் தொழில் தெரிந்தவன் எவனும் மனம் உடைய மாட்டான் என்று தொழில் தெரிந்த ஒருவர் வாயால் வரவேண்டும். ஊரில் அப்படிச் சொல்லத் தெரிந்தவர் டாக்டர் இராஜரத்தினம் ஒருவர்தான். அவரோ நேர் எதிராக வாக்குமூலம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

மருதப்பன் வராந்தாவுக்குப் போனான். தியாகராசா விழுந்த இடத்தில் மரக் கைப்பிடி ஒழுங்காகவே இருந்தது. இடுப்புக்கு மேலே உயரம். அவன் அதைப் பிடித்து உலுக்கினான், அசையவில்லை. குனிந்து ஆணிகளைப் பார்த்தான். வராந்தாவின் மற்ற இடங்களில் ஆணித் தலையெல்லாம் துருவேறிக் கறுத்து, மரத்தோடு மரமாகப் போயிருந்தது. இந்த ஒரு துண்டில் மட்டும் ஆணிகளுக்கு லேசாகத்தான் செம்மை பிடித்திருந்தது. மரம் மட்டும் மற்றதைப்போலவே பழைய மரம், பழைய பச்சைப் பெயிண்ட்.

"பழைய மரத்துல புது ஆணி," என்று முணுமுணுத்தான்.

பின்பக்கத்திலிருந்து பரீதாவின் குரல் வந்தது. "அலாமாக்! அண்ணே, இங்க வாங்க. கை கழுவ வந்தேன், கீழ போயிருப்பேன்!"

பின் வராந்தாவில், குளியலறைக்கு எதிரே, கைப்பிடியில் ஓர் ஆள் அகலத்துக்கு மரமே இல்லை. அந்த இடத்தில் துணி காயப்போடும் கயிறு ஒன்றைக் கட்டி, இரண்டு குளியல் துண்டுகளைத் தொங்க விட்டிருந்தார்கள். துண்டுகளுக்குப் பின்னால் வெறும் காற்று.

"பின்னாடி இருந்த கைப்பிடி முன்னாடிக்குக் குடிபோயிருக்கு," என்றாள் பரீதா. மருதப்பன் துண்டை விலக்கிக் கீழே எட்டிப் பார்த்தான். இதைக் கண்டதும் ஒரு போலீஸ்காரனுக்கு வரவேண்டிய சுறுசுறுப்பு அவனுக்கு வரவில்லை. வேலை அடுத்த படிக்குப் போயிற்று, அவ்வளவுதான்.

கீழே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"நேராக் கேட்டா அவர் சொல்ல மாட்டார்," என்றான் மருதப்பன். "மரத்தைக் காட்டினா, ரிப்பேர் பண்ணினேன், அதுக்கென்னன்னு கேப்பார். முதல்ல அந்தக் கணக்கு அவர் வாயிலிருந்து வரணும். பரீதா, உனக்கு வாத்தியார்களைக் கோபப்படுத்தத் தெரியுமா?"

"பள்ளிக்கூடத்துல எனக்கு வந்த ஒரே பாடம் அதுதான்."

குணவதியைக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு இருவரும் டாக்டரின் அறைக்குள் போனார்கள். டாக்டர் இராஜரத்தினம் வெள்ளை டிரில் கோட்டும் கழுத்துப் பட்டியுமாக இருந்தார். அறை நிறையப் புத்தகம், சுவர் நிறையக் கரும்பலகை. முகத்தில் தூக்கம் கெட்டவரின் களைப்பு.

"பொலிசுக்கு எல்லாம் சொல்லிட்டன், மிஸ்டர் மருதப்பன்."

"தெரியும் டாக்டர். சும்மா ஒரு முறை பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம். இவங்க பத்திரிகைக்கும் எழுதறவங்க."

பத்திரிகை என்றதும் டாக்டர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பரீதா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு வந்த தாயாரைப்போலப் பணிவாக உட்கார்ந்தாள்.

"டாக்டர் சாரைப் பத்தி ஞாயித்துக்கெழமை அரைப் பக்கம் போடறதா எடிட்டர் சொல்லிட்டார். தலைப்புகூட ரெடி. 'கிராஞ்சியில் இரண்டு புதிய காந்தங்கள்! டாக்டர் இராஜரத்தினத்தின் கண்டுபிடிப்பு!' எல்லாரும் புரிஞ்சுக்கற மாதிரி எழுதிட்டேன். நான் சரியா எழுதியிருக்கேனான்னு ஒரு தடவை பாத்துடுங்க சார்."

"ரெண்டா?" என்றார் டாக்டர்.

பரீதா எழுந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்தாள். கரும்பலகையில் ஒரு கட்டம் போட்டு, மூலையில் கூட்டல் குறியில் ஆரம்பித்துக் கூட்டல், கழித்தல் என்று மாற்றி மாற்றி நிரப்பினாள். பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு அதைக் கழித்தலில் ஆரம்பித்தாள்.

"இது டாக்டர் சாரோட மேல் காந்தம். இது கீழ் காந்தம். ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு நேர் எதிரி. மேல் காந்தத்தை வச்சு ரேடியோ செய்யலாம், கீழ் காந்தத்தை வச்சு..."

"நிப்பாட்டுங்கோ!" டாக்டர் எழுந்துவிட்டார். "இதை என்ர பேரைப் போட்டு அச்சடிக்கப் போறீங்களா? கேம்பிரிட்ஜில ஒருத்தன் கேள்விப்பட்டா என்ன நினைப்பான்?"

"ஏன் சார், எதிர் எதிராத்தானே இருக்கு? இங்க கூட்டல்னா அங்க கழித்தல். ஒண்ணுகூட ஒத்துப்போகலையே."

"அம்மா! ஒத்துப்போகத் தேவையில்லை!" அவர் பரீதாவின் கையிலிருந்த சுண்ணாம்பைப் பிடுங்கிக்கொண்டார். "நீங்கள் எந்த மூலையில இருந்து எண்ணத் துவங்கினீங்கள் எண்டதில வாற வித்தியாசம் இது. ஒரு இடம் தள்ளித் துவங்கினாச் சரியாப் போச்சு. படிகத்துக்கு மேலும் தெரியாது கீழும் தெரியாது. தலைகீழாப் பிடிச்சுப் பாருங்கோ, ஒண்டு மற்றதா வரும். மாறாத எண் எது? அயல். இந்த அணுவைப் பாருங்கோ, சுத்தி நாலு, மேலடுக்கிலயும் கீழடுக்கிலயும் ஒவ்வொண்டு, ஆறும் எதிர். அந்தக் கட்டத்தில பாருங்கோ, அங்கயும் ஆறுக்கு ஆறு. ரெண்டும் ஒரே பொருள். ஒரே ஒரு காந்தம்."

"ஒரே காந்தமா? நிச்சயமாவா சார்? படிச்சவங்களே இதுல ஏமாந்துடுவாங்களோ?"

"படிச்சவனா? முதல் வருசப் பிள்ளைக்கும் பாத்த உடன விளங்கும்!"

"அப்படின்னா தியாகராசாவுக்கும் விளங்கியிருக்குமே டாக்டர்," என்றான் மருதப்பன்.

டாக்டரின் கையில் சுண்ணாம்பு பலகையைத் தொட்டபடியே நின்றது.

"இங்கிலாந்துத் தந்தி நேர் எதிர், உழைப்பு வீண்னு அவன் உங்ககிட்ட வந்து அழுதான்னு சொன்னீங்க. நேர் எதிர்னா ரெண்டும் ஒண்ணுன்னு இப்ப நீங்களே சொல்றீங்க. அவன் கணக்கு சரின்னுதானே அந்தத் தந்தி சொல்லுது? ஜெயிச்ச அன்னிக்கு எவன் மாடியிலேர்ந்து குதிப்பான்?"

"அவன்... பதட்டத்தில கவனிக்காமல்..."

"கவனிச்சிருக்கான். மாடலைத் தலைகீழாத் திருப்பி, அலுங்காம மேசையில வச்சுப் பாத்திருக்கான். நீங்க அந்த அறைக்குள்ள போய்ப் பாக்கலை. போகத் தைரியம் வரலை போல." மருதப்பன் குரலை உயர்த்தவே இல்லை. "பின் வராந்தாவில ரெண்டு துண்டு தொங்குதே, அதுக்குப் பின்னாடி இருந்த கைப்பிடி எங்க டாக்டர்?"

டாக்டர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். கையிலிருந்த சுண்ணாம்பை மேசைமேல் வைத்தார். பிறகு எல்லாம் வந்தது. பூட்டி வைத்ததைத் திறந்துவிட ஆள் கிடைத்ததுபோல, கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்.

"கறையான் அரிச்சுப் போச்சு எண்டு அவன் ரெண்டு தரம் சொன்னவன். மழை முடியட்டும், பாப்பம் எண்டு விட்டிட்டன். அண்டைக்கு நான் டவுனுக்குப் போகக் காரில ஏறிட்டன். அவன் மேல வராந்தாவுக்கு ஓடி வந்தான். இஞ்சின் சத்தத்தில எனக்கு ஒண்டும் கேக்கேல்ல. என்ன எண்டு கையைக் காட்டினன். அவன் இன்னும் எட்டிச் சாஞ்சு, எனக்குக் கேக்கிற மாதிரிக் கத்தினவன். மரம் அப்பிடியே..." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நான் கிட்டப் போகேக்குள்ள முடிஞ்சு போச்சு. இது வெளியில வந்தாக் கூடத்தை மூடிப்போடுவாங்கள், என்னை உள்ள தள்ளுவாங்கள். என்ர வாழ்க்கை முழுக்க இந்தக் கூடம்தான். ஒடிஞ்ச மரத்தை உலையில போட்டன். பின்னுக்கு இருந்ததைக் கழட்டி முன்னுக்கு அடிச்சன். அதுக்குப் பிறகுதான் பொலிசுக்கு ஃபோன் அடிச்சன்."

"கணக்கு பிழைன்னு கதை கட்ட எப்படித் தோணிச்சு? தந்தி வந்த விஷயமே உங்களுக்குத் தெரியாதே."

"அவன் கத்தினதில இருந்துதான்."

"என்ன கத்தினான்?"

டாக்டர் வாயைத் திறக்குமுன் கதவு திறந்தது. குணவதி உள்ளே வந்தாள். அவ்வளவு நேரமும் அவள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை, கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரு கன்னம் சிவந்து கன்றியிருந்தது.

"என்ன கத்தினவர், சேர்?"

டாக்டர் மருதப்பனைப் பார்த்தார், பரீதாவைப் பார்த்தார். அவரைக் காப்பாற்ற அந்த அறையில் யாரும் இல்லை.

"பிள்ளை, நான்..."

"என்ன கத்தினவர்?"

"'சேர், இங்கிலாந்துத் தந்தி எல்லாம் நேர் எதிர் எண்டு வந்திருக்கு! டவுனுக்குத்தானே போறீங்க, குணவதியைக் கண்டு சொல்லுங்கோ. அவ பிழை எண்டு நினைச்சு அழுதுகொண்டு நிப்பா. பிழை இல்லை எண்டு சொல்லுங்கோ. ரெண்டும் ஒண்டு.' அதுதான். சிரிச்சுக்கொண்டு கத்தினவன்."

பரீதா வாயைப் பொத்திக்கொண்டாள். மருதப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இது என்ன என்று அவனுக்கே முதலில் விளங்கவில்லை. கேலாங்கிற்குப் பிறகு அவனுக்கு இப்படி வந்ததில்லை. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

குணவதி மட்டும் அசையாமல் நின்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குரலும் காலையில் இருந்த அதே குரல்தான்.

"எனக்கெண்டு சொல்லி விட்டவர்," என்றாள். "உங்களிட்டத்தான் சொல்லி விட்டவர்."

"ஓம்."

"அடுத்த நாள் நீங்கள் எங்கட வீட்டுக்கு வந்தனீங்கள். அம்மா தேத்தண்ணி போட்டுத் தந்தவ. குடிச்சனீங்கள். நான்தான் அவரைச் சாகக் குடுத்தன் எண்டு உங்களுக்கு முன்னால சொன்னனான். ஓம் பிள்ளை, விதி எண்டு சொன்னீங்கள்."

டாக்டர் அழ ஆரம்பித்தார். வயதானவர் அழுவது பார்க்க நன்றாக இல்லை. குணவதி அது முடியும்வரை காத்துக்கொண்டிருந்தாள்.

"நான் கோர்ட்டில வந்து எல்லாம் சொல்லுறன், பிள்ளை. கைப்பிடியைப் பத்தி, ஆணியைப் பத்தி..."

"அதை இவர் சொல்லுவார்," என்று அவள் மருதப்பனைக் காட்டினாள். "அவர் சொல்லி விட்டதை இப்ப எனக்குச் சொல்லுங்கோ. எனக்கு நேராப் பாத்து."

டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பிழை இல்லை, குணவதி," என்றார். "ரெண்டும் ஒண்டு."

"கேக்கேல்ல."

"பிழை இல்லை, குணவதி. ரெண்டும் ஒண்டு."

"அவர் கத்தினவர் எண்டுதானே சொன்னீங்கள்?"

டாக்டர் எழுந்து நின்றார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கீழே உலையடியில் இருந்தவர்கள் படியேறி ஓடி வரும் அளவுக்குக் கத்தினார். குணவதி முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் தலையசைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

"நாளைக்குப் பூரணம் மாமி முன் வரிசையில இருப்பா," என்றாள் திரும்பாமலே. "அவவுக்கு ஒரு காது மந்தம். இதே சத்தத்தில சொல்லுங்கோ, சேர்."